ஆறாம் அத்தியாயத்து எடுத்துக்காட்டு

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதில் உட்கார்ந்தால் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடும். இதில் உட்காருங்கள். டீ வரும். வராவிட்டாலும் வரும் என்று சொல்வதுதான் எங்கள் டிபார்ட்மென்ட் வழக்கம்.

புத்தகக் கம்பெனியிலிருந்து வருகிறீர்கள். போன டிசம்பரில் உங்கள் ஆள் ஒருவர் ஸ்பெசிமன் காப்பி என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ரேடியோ அதிர்வெண் சிந்தசைசரை வடிவமைப்பது எப்படி என்று தலையணை கனத்தில் ஒரு புத்தகம். இப்போது நீங்கள் வந்து, "புத்தகம் பயன்பட்டுதா சார்? ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்கிறீர்கள். எழுதலாம். எந்த இரண்டு வரி என்பதில்தான் சிக்கல். பயன்பட்டது என்று எழுதினால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பயன்படவில்லை என்று எழுதினால் இந்தக் காலேஜில் ஏழு பேர் என்னை அடிக்க வருவார்கள். அதிலே ஒருவர் கெமிஸ்ட்ரி உமையாள் மேடம். அவர் அடித்தால் தாங்காது சார், லேபில் ஆசிட் கேனைத் தனியாகத் தூக்குகிறவர்.

நீங்கள் அவசரமாகப் போகவேண்டுமா? துறையூர் பஸ் இப்போதுதான் போனது. அடுத்தது வரும்வரை சொல்கிறேன்.

நான் இங்கே அசிஸ்டென்ட் புரொபசர். ரேடியோ அதிர்வெண், அதாவது ஆர்.எஃப். தான் என் படிப்பு. அதில் தங்கப் பதக்கம் வாங்கியிருக்கிறேன், யாராவது கேட்டால் காட்டலாம் என்று வைத்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. எங்கள் மாதிரி தனியார் இன்ஜினியரிங் காலேஜில் பதக்கத்தை எல்லாம் பார்க்க மாட்டார்கள். வொர்க்லோடு எத்தனை என்று பார்ப்பார்கள். வாரத்துக்கு இவ்வளவு வகுப்பு எடுக்கிறாய் என்றால் நீ இருக்கலாம். வகுப்பு இல்லையென்றால் சித்திரை வைகாசி வெயிலில் ஊர் ஊராகப் போய், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்று, "எங்க காலேஜ்ல சேருங்கம்மா" என்று அட்மிஷன் பிடித்து வரவேண்டும். பிடித்து வராவிட்டால் நீ போகலாம். எனக்கு அதுவும் வராது சார். ஒரு தடவை போனேன். அந்த வீட்டு அம்மா மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, "உங்க பையனுக்கு எது பிடிக்குதோ அதையே படிக்க வையுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பையன் கேட்டரிங் சேர்ந்துவிட்டான்.

எங்கள் ஹெச்.ஓ.டி. அமலோற்பவம் மேடம் உங்கள் புத்தகத்தை என் கையில் கொடுத்தது அந்த நிலைமையில்தான்.

"தம்பி, நான் வளைச்சுப் பேச மாட்டேன். அடுத்த வருஷம் ஆர்.எஃப். எலெக்டிவ் பாடம் ஓடினாத்தான் உனக்கு வொர்க்லோடு. அது ஓடணும்னா பிள்ளைங்க கையில குடுக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேணும். இது நமக்கு ஆகுமா ஆகாதான்னு படிச்சுச் சொல்லு" என்றார்.

நான் படித்தேன். சத்தியமாகப் படித்தேன் சார். பஸ்ஸில் அட்டை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு படித்தேன். முன்னுரையை மூன்று தடவை படித்தேன். ஆசிரியர் தன் மனைவிக்கும் நாய்க்கும் நன்றி சொல்லியிருக்கிறார், அந்த வரிசையிலேயே. அடுத்த வாரம் மேடத்திடம் போய், "மிகவும் பயனுள்ள புத்தகம் மேடம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் வேலையே அந்தப் புத்தகத்துல தொங்குது. நீ வேற என்ன சொல்லுவ? எனக்கு உன் சர்டிபிகேட் வேணாம். செஞ்சு காட்டு. அதை வச்சு ஒரு சிந்தசைசர் கட்டு. மேல மங்கையோட ரேடியோ ஊமையாக் கெடக்கு. அது பேசிச்சுன்னா புத்தகம் நல்ல புத்தகம். எலெக்டிவ் ஓடும். பேசலைன்னா நீயும் புத்தகமும் கெளம்பிக்கலாம்."

மங்கை என்றால் மங்கையர்க்கரசி அக்கா. எங்கள் காலேஜுக்கு ஒரு சமுதாய வானொலி இருக்கிறது, மெயின் பிளாக்கின் மொட்டைமாடியில் இரண்டு அறை. 90.4. சுற்றுப்பட்டு கிராமத்துக்குச் சின்ன வெங்காய விலை, ஆட்டுக்கு வரும் கழிச்சல், பெண்களுக்கான சட்டம் எல்லாம் அக்காதான் சொல்வார். ஐப்பசி மழையில் இடி விழுந்து சிந்தசைசர் பலகை கருகிப் போனது. அதன் பிறகும் அக்கா தினமும் வந்து, மைக்கைத் துடைத்து, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். நான் புத்தகத்தோடு போய் நின்றபோது அதை வாங்கி எடை பார்த்தார்.

"இது பேசுமா தம்பி?"

"பேச வைக்கும்க்கா."

"எத்தனையோ பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. கையில புத்தகத்தோட வந்தவன் நீதான். பாப்போம்."

சிந்தசைசர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லையா? விற்கிறீர்களே சார். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே ஒரு படிகம் இருக்கும். அதற்கு ஒரே ஒரு அதிர்வெண்தான் தெரியும், ஆனால் அதிலிருந்து அசையாது. இன்னொரு பக்கம் ஓர் ஆஸிலேட்டர் இருக்கும். அது எங்கே வேண்டுமானாலும் போகும், ஓர் இடத்தில் நிற்காது. நிற்காததை நிற்கிறதோடு ஒப்பிட்டுப் பார்த்து, விலக விலக இழுத்துப் பிடிப்பதுதான் வேலை. இத்தனையால் வகுத்துப் பார் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் அந்த எண்ணுக்கு ஏற்ற அதிர்வெண்ணில் அது போய் நின்றுவிடும். நின்றதும் ஒரு சின்ன பச்சை விளக்கு எரியும். அதைத்தான் லாக் ஆயிற்று என்பது. லாக் விட்டால் விளக்கு அணைந்து, டிரான்ஸ்மிட்டர் தானாக வாயை மூடிக்கொள்ள வேண்டும். கண்ட இடத்தில் கத்தக்கூடாது இல்லையா, அதற்கு. என் வாழ்க்கையில் இல்லாத ஏற்பாடு எல்லாம் அந்தப் பலகையில் உண்டு.

ஆறாம் அத்தியாயத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. எஃப்.எம். ஒலிபரப்புக்கான சிந்தசைசர், முழுசாக, மின்தடையம் மின்தேக்கி மதிப்பு எல்லாம் போட்டு. அதைத்தான் கட்டினேன். பொருள் வாங்கத் திருச்சிக்கு அலைந்தது, முதல் பலகையைத் தலைகீழாகச் செதுக்கியது, மாணவர்கள் பார்க்கும்போது ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலின் சூடான பக்கத்தைப் பிடித்துவிட்டு வலிக்காத மாதிரி பாடம் நடத்தியது, அதெல்லாம் விட்டுவிடுகிறேன். மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் மொட்டைமாடி அறையில் பலகையைப் பொருத்தி, வகுக்க வேண்டிய எண்ணைப் போட்டேன். எடுத்துக்காட்டில் 977 என்று இருந்தது. 977 போட்டேன்.

ஏன் போட்டாய் என்று நீங்கள் கேட்கலாம். எல்லாரும் கேட்டார்கள். எங்கள் ஸ்டேஷன் 90.4, அதற்கு 904 போட வேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும் சார். ஆனால் நான் படித்த படிப்பு அப்படி. எங்கள் பரீட்சையில் புத்தகத்து எடுத்துக்காட்டே வரும், அதே எண்ணோடு வரும். எண்ணை மாற்றி யோசிக்கிறவன் நேரத்தை விட்டுவிடுவான். நான் எந்த எண்ணையும் மாற்றாமல்தான் தங்கப் பதக்கம் வாங்கினேன். 'வாசகர் தமது அதிர்வெண்ணுக்கு ஏற்ப எண்ணை மாற்றிக்கொள்க' என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறார். அங்கே போட்டால் யார் புரட்டுவது?

பச்சை விளக்கு எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது சார். அதிர்வெண் அளக்கிற மீட்டர் லேப் பீரோவில் இருந்தது, பீரோ சாவி லீவில் இருந்தது. எதற்கு மீட்டர், ரேடியோ இருக்கிறதே என்று அக்காவிடம், "மைக்ல ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டூடியோவுக்குப் பக்கத்து அறையில் 90.4-இல் ரேடியோவைத் திருப்பினேன். உஸ்ஸென்ற இரைச்சல். இன்னும் கொஞ்சம் பவர் ஏற்றினேன். இரைச்சல். முழுப் பவரும் ஏற்றினேன். அதே இரைச்சல். ஆன்டெனா கேபிளில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து கேபிளைத் தடவ ஆரம்பித்தேன்.

அப்போதுதான் எங்கள் கரஸ்பாண்டென்ட் ஐயா வந்தார், கூடவே அமலோற்பவம் மேடம். ரேடியோவைப் பார்க்க வரவில்லை. இந்தக் காலேஜில் ஏ.சி. ஒழுங்காக ஓடுகிற அறை அந்த ஸ்டூடியோ ஒன்றுதான். வேர்த்துப்போனால் ஐயா அங்கே வந்து உட்காருவார். அக்கா மைக் முன்னாலிருந்து எழுந்து, நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, என் அறை வாசலில் வந்து நின்றார். மைக்கை அணைக்கவில்லை. சோதனை முடியவில்லையே, நான் கேபிளில் இருக்கிறேனே.

ஐயா பேச ஆரம்பித்தார்.

"அப்பாடா. ஊமை ரேடியோவுக்கு இந்த ஏ.சி.! மேடம், நான் ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும். மே மாசம் எட்டுப் பேரைக் குறைச்சாகணும்."

"எட்டுப் பேரா? யார் யாருங்கய்யா?"

"கெமிஸ்ட்ரி உமையாள். மேக்ஸ்ல ரெண்டு பேரு. லைப்ரரிக்கு எதுக்கு ரெண்டு ஆளு, ஒண்ணு போதும். உங்க டிபார்ட்மென்ட்ல அந்த சிந்தசைசர் பையன்…"

மேசைக்கு அடியில் இருந்த எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது சார். அடடா, நாம் கட்டுகிற பொருளின் பெயரைச் சரியாகச் சொல்கிறாரே என்று. அடுத்த நொடிதான் எந்தப் பட்டியலில் சொல்கிறார் என்பது உறைத்தது.

"பேப்பர் திருத்தி முடிக்கட்டும்" என்றார் ஐயா. "முன்னாடியே சொன்னா கோவத்துல கண்டபடி மார்க் போட்ருவாங்க. கடைசிக் கட்டு வந்து சேந்த அன்னைக்குச் சொல்லிக்கலாம்."

சொல்லிக்கலாம் என்று ஜன்னலும் சொன்னது.

எனக்கு முதலில் பிரமை என்றுதான் பட்டது. வேலை போகிறது என்றால் காதில் என்னவெல்லாமோ கேட்கும் இல்லையா. ஐயாவுக்கும் கேட்டிருக்கிறது. ஸ்டூடியோவைச் சத்தம் புகாத அறை என்பார்கள், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை, அவ்வளவுதான். கீழே காலேஜ் பஸ் எல்லாம் வரிசையாக, ஸ்டாஃபும் பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்து, கிளம்பத் தயாராக நிற்கிற நேரம்.

"யாருய்யா அது?" என்றார் ஐயா.

"யாருய்யா அது?" என்றது கீழே நின்ற பஸ் வரிசை மொத்தமும்.

எங்கள் பஸ் டிரைவர்கள் எல்லாரும் கேட்பது ஊரே கேட்கிற அந்தப் பாட்டு ஸ்டேஷனைத்தான். அது எந்த இடத்தில் வருகிறது என்று நான் சொல்லவே வேண்டாம். உங்கள் ஆசிரியருக்கு 977-ஐ விட்டால் உலகத்தில் வேறு எண்ணே கிடைக்கவில்லை பாருங்கள். எஃப்.எம். ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே இடத்தில் இரண்டு பேர் பேசினால் பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசுகிறவரை மட்டும் கேட்கும், மற்றவர் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. முழுப் பவர் ஏற்றியவன் யார்? நான்.

சந்தனம் அண்ணன், மூன்றாம் நம்பர் பஸ் டிரைவர், மூச்சிரைக்க மாடியேறி ஓடிவந்தார். நேராக ஸ்டூடியோவுக்குள் புகுந்து, "ஐயா, நான் பாட்டுத்தான்யா வச்சிருந்தேன், பாட்டுக்கு நடுவுல நீங்க வந்துட்டீங்க" என்றார். அதுவும் மைக்கில் போய், கீழே எல்லா பஸ்ஸிலும் கேட்டு, பிள்ளைகள் சிரித்த சிரிப்பு மொட்டைமாடி வரை வந்தது.

ஐயா மெதுவாகத் திரும்பி மங்கை அக்காவைப் பார்த்தார்.

"ரேடியோல போச்சா?"

"போயிருக்குங்கய்யா."

"எதுல இருந்து?"

"நீங்க ஏ.சி.யப் பத்திச் சொன்னதுல இருந்துங்கய்யா."

இங்கேதான் சார், அவர் ஏன் காலேஜ் வைத்திருக்கிறார், நான் ஏன் மேசைக்கு அடியில் இருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. வேறு யாராக இருந்தாலும் மைக்கைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, மேடைக் குரலில், "அன்பான நேயர்களே! இதுவரை நீங்கள் கேட்டது நமது கல்லூரி வானொலியின் முதல் நாடகம். ஊழியர்களின் மன உளைச்சலைத் தத்ரூபமாகச் சித்தரிக்கும் இந்த நாடகத்தில் தாளாளராக நடித்தவர் தாளாளர். எழுதியவர்…" என்று நிறுத்தி, திறந்திருந்த வாசல் வழியாக என் மேசைக்கு அடியில் பார்த்தார். "ஓம் பேரென்னய்யா?"

இப்போதுதானே வேலையை விட்டு எடுத்தார், பெயர் தெரியவில்லை.

"கார்வண்ணன்யா."

"எழுதியவர் கார்வண்ணன்!"

கீழே கைதட்டினார்கள் சார். ஒன்றிரண்டு பஸ் ஹாரன் வேறு. அக்கா அதற்குமேல்தான் மைக்கை அணைத்தார்.

அந்தப் பாட்டு ஸ்டேஷன்காரர்கள் காதுக்கு எட்டியிருந்தால் நான் இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன். கொஞ்ச நேரம்தான், காலேஜைச் சுற்றித்தான் என்பதால் தப்பித்தேன். கேட் பக்கத்து டீக்கடைக்காரர் ஏதோ புது விளம்பரம் என்று நினைத்தாராம். நன்றாக இருந்தது என்றார்.

மறுநாள் காலையில் நான் ராஜினாமாக் கடிதத்தோடுதான் வந்தேன். கேட்டிலேயே மேக்ஸ் ஆசிரியர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு உமையாள் மேடம் என்னை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, பாக்கத்தான் பூனை மாதிரி இருக்க. எவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்ட!"

"மேடம், நான் ஒண்ணும் பண்ணல. ஆறாம் அத்தியாயத்துல ஒரு எடுத்துக்காட்டு, அதுல 977-னு…"

நான் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மூடி, என் கையில் திருப்பிக் கொடுத்து, கண்ணைச் சிமிட்டினார். "புரியுது தம்பி. யார் கேட்டாலும் இதையே சொல்லு."

இப்படி எத்தனை பேருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டியிருப்பேன்! ஒருவரும் நம்பவில்லை சார். நான் தைரியமாக ஒரு காரியம் செய்தேன் என்று நம்புகிறார்கள், முட்டாள்தனமாகச் செய்தேன் என்றால் நம்ப மறுக்கிறார்கள். பதக்கம் வாங்கியவனாம், எண்ணைத் தப்பாகப் போடுவானாம்.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் வேடிக்கை. யாரும் சண்டை போடவில்லை, கோஷம் போடவில்லை. ஐயா நாடகம் என்றார் இல்லையா, எல்லாரும் அதை நாடகமாகவே எடுத்துக்கொண்டார்கள். வராந்தாவில் அவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஐயா, நடிப்பு பிரமாதம்", "ஐயா, அடுத்த பகுதி எப்பங்கய்யா?" லைப்ரரியன் அண்ணன், "எனக்கு அதுல வேலை போகுதே, அப்புறம் என்ன ஆவேன்?" என்று கேட்டாராம். பேப்பர் திருத்துகிற நாள் வந்தது. விடைத்தாள் கட்டு அறையில் அடுக்கியிருக்கிறது, ஒருவரும் கட்டை அவிழ்க்கவில்லை. போய்க் கேட்டால் உமையாள் மேடம் சிவப்புப் பேனாவை மூடி வைத்துக்கொண்டு சொல்கிறார், "நாடகத்துக்கு முடிவு தெரியாம மனசு ஒட்டலைங்கய்யா. கவனம் சிதறினா பிள்ளைங்க மார்க் போயிரும்."

ரிசல்ட் தள்ளிப்போனால் அட்மிஷன் படுக்கும். ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீதானே எழுத்தாளர்?"

"ஐயா, நான் ஆர்.எஃப்.…"

"முடிவு எழுதிக் கொண்டா. சுருக்கமா."

நான் நாடகம் எழுதினேன் சார். சிந்தசைசரில் லூப் ஃபில்டர் வடிவமைக்கத் தெரிந்தவன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, 'தாளாளர் (கலங்கிய குரலில்)' என்று எழுதினேன். மங்கை அக்கா படித்துவிட்டு, "கலங்கிய குரலை எடுத்துரு தம்பி, அவருக்கு வராது" என்றார். எடுத்துவிட்டேன். கடைசி வசனம் மட்டும் உமையாள் மேடம் சொல்லிக் கொடுத்தது: 'நம் கல்லூரியிலிருந்து யாரையும் அனுப்பப் போவதில்லை.' அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அமலோற்பவம் மேடம் என்னிடம் நாடகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "904 போட்டியா?" என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தேன். அந்த அடுத்த பக்கத்தையும் படித்திருந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 90.4, ஒரு முடி அசையவில்லை.

ஒலிபரப்பும் சாயங்காலம்தான், பஸ் கிளம்புகிற நேரம். இந்தத் தடவை எல்லா பஸ்ஸிலும் வேண்டுமென்றே எங்கள் ஸ்டேஷனை வைத்திருந்தார்கள். ஸ்டாஃப் யாரும் ஏறி உட்காரவில்லை, பஸ்களுக்கு நடுவில் இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். ஐயா வெள்ளைச் சட்டையில் வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார். நன்றாகத்தான் வாசித்தார். உண்மையைச் சொல்கிறேன், கலங்கிய குரலைக்கூட வைத்திருக்கலாம் போலிருந்தது. கட்டடம் கட்டிய கஷ்டம், கல்வித் தொண்டு எல்லாம் நான் எழுதியதைவிடக் கூடவே சொன்னார்.

கடைசி வசனத்துக்கு வந்தார். நின்றுவிட்டார்.

தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். ரேடியோவில் மௌனம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாது சார், கீழே ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை. அக்கா ஸ்டூடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, சொல்லுங்கய்யா சொல்லுங்கய்யா என்று கையைச் சுழற்றுகிறார்.

"நம் கல்லூரியிலிருந்து யாரையும் அனுப்பப் போவதில்லை" என்றார்.

சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைத்தார். மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்தார். "அதாவது இந்த வருஷ…"

பச்சை விளக்கு அணைந்துவிட்டது.

லாக் விட்டுவிட்டது சார்! டிரான்ஸ்மிட்டர் வாயை மூடிக்கொண்டது, ரேடியோவில் வெறும் இரைச்சல். கீழே அதையெல்லாம் யார் கேட்டது? 'அனுப்பப் போவதில்லை'யோடு நாடகம் முடிந்தது என்று நினைத்து ஒரே கூச்சல், ஹாரன், யாரோ விசில். உள்ளே ஐயா பேசிக்கொண்டே இருக்கிறார். அட்மிஷன் நிலவரத்தைப் பொறுத்து, நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டு, அடுத்த கல்வியாண்டில் மறுபரிசீலனை என்று நிறுத்தி நிதானமாக எல்லாம் சொன்னார். கேட்டது நானும் மங்கை அக்காவும்தான். பேசி முடித்து வெளியே வந்து என் தோளைத் தட்டினார்.

"கரெக்டா முடிச்சேனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "இதுக்குமேல யாராலயும் முடிக்க முடியாதுங்கய்யா."

அவர் கீழே இறங்கினார். மற்ற ஏழு பேரும் அவர் காலில் விழாத குறை. கூட்டத்துக்கு நடுவில் நின்று, 'நான் இன்னும் சொன்னேனே' என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டார். மறுநாள் எல்லாக் கட்டும் அவிழ்ந்தது. மே மாதம் வந்து போய்விட்டது, ஒருவரையும் அனுப்பவில்லை. எலெக்டிவ் ஓடுகிறது. அதுபோக வாரம் ஒரு நாடகம் எழுதும் வேலையை என் டைம்டேபிளில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டார்கள்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வெட்கம் சார். கட்டியவன் நான், நேரலையில் நடு வாக்கியத்தில் லாக் விட்டுவிட்டது. எந்த இன்ஜினியராவது வெளியில் சொல்லுவானா? லூப் ஃபில்டரில் ஒரு மின்தேக்கியின் ஈயப்பற்று விட்டிருந்தது, நானே பார்த்து மறுபடி பற்றவைத்தேன். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு தடவைகூட விடவில்லை. அந்த நேரத்தில் மட்டும் ஏன் விட்டது? ஒன்பதாம் அத்தியாயத்தில் அதிர்வினால் லாக் கெடுவதைப் பற்றி ஆசிரியர் கொஞ்சம் எழுதியிருக்கிறார். பஸ் ஹாரனாக இருக்கலாம் என்று பார்த்தேன், ஹாரன் அப்புறம்தான் அடித்தார்கள். என் முழங்கை பலகைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பட்டதாக நினைவில்லை. படாததாகவும் நினைவில்லை. அறை சின்னது சார், கையை எங்கேதான் வைப்பது?

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அமலோற்பவம் மேடம் மாடிக்கு வந்தார். லாக் ஏன் விட்டது என்று அத்தியாயவாரியாக விளக்கினேன். பலகையை அவர் திரும்பியே பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, முழங்கையில் சட்டையைப் பார்த்தார்.

"பலகை மேல இருக்கிற ஃபிளக்ஸ் பசை ஒட்டியிருக்கு தம்பி. யாரும் பாக்கறதுக்குள்ள தொவைச்சிரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

துவைத்தேன். வெந்நீரில் ஊறவைத்தேன், சோப்புப் போட்டேன், லேப் ஸ்பிரிட்டையும் ஊற்றிப் பார்த்தேன். போகவில்லை சார். அந்தக் கறையை எப்படி எடுப்பது என்று உங்கள் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.